9 மி.மீ.யா, .45-ஆ? நூறாண்டாகியும் முடியாத சண்டை

கரிசல்காட்டான்

1904-இல் அமெரிக்க ராணுவம் நியமித்த குழு, கைத்துப்பாக்கிக் குண்டின் விட்டம் .45 அங்குலத்துக்குக் குறையவே கூடாது என்று தீர்ப்பு எழுதியது. 1985-இல் அதே ராணுவம் .45-ஐ ஓரங்கட்டிவிட்டு 9 மி.மீ. பெரெட்டா கைத்துப்பாக்கியை இடுப்பில் கட்டிக்கொண்டது. மறு ஆண்டே மயாமியில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட, பழி 9 மி.மீ. தலையில் விழுந்தது. 10 மி.மீ. வந்தது. அது கையை உதைக்கிறது என்று .40 வந்தது. கடைசியில் 2016-இல் எஃப்.பி.ஐ. மறுபடியும் 9 மி.மீ. துப்பாக்கிக்கே ஒப்பந்தம் போட்டது.

இந்த நூறாண்டில் மனித நெஞ்சின் தடிமன் மாறவில்லை. தீர்ப்பு மட்டும் ஏன் இப்படிக் குட்டிக்கரணம் அடிக்கிறது? தோட்டாப் பெட்டிகளில் அச்சிட்ட விளம்பர எண்களை இங்கே ஒட்ட வேண்டாம். நடந்த சம்பவங்களையும் செய்த சோதனைகளையும் வைத்துப் பேசுங்கள்.

வேங்கை1911

என் புனைபெயரைப் பார்த்தாலே நான் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். ஒளிக்கவில்லை.

கதை பிலிப்பைன்ஸில் தொடங்குகிறது. அமெரிக்கப் படையினர் கையில் இருந்தது .38 லாங் கோல்ட் ரிவால்வர். சுமார் 9.7 கிராம் ஈயக் குண்டு, நொடிக்கு 230 மீட்டர் வேகம். கத்தியோடு பாய்ந்து வந்த மோரோ வீரர்கள் (தென் பிலிப்பைன்ஸ் முஸ்லிம்கள்) அந்தக் குண்டை வாங்கிக்கொண்டே வந்து வெட்டினார்கள். 1905-இல் சமார் தீவில் அந்தோனியோ காஸ்பி என்ற கைதி தப்ப முயன்றபோது மிக அருகிலிருந்து நான்கு முறை சுட்டார்கள். ஆள் விழவில்லை. கடைசியில் துப்பாக்கிக் கட்டையால் நெற்றியில் அடித்துத்தான் சாய்த்தார்கள். கிடங்கில் தூங்கிய பழைய .45 கோல்ட் ரிவால்வர்களை ராணுவம் தூசி தட்டி எடுத்தது சும்மா இல்லை.

1904-இல் ஆயுதத் துறை அதிகாரி ஜான் தாம்ப்சனும் ராணுவ மருத்துவர் லூயி லகார்டும் சிகாகோ கால்நடைக் கொட்டில்களில் சோதனை நடத்தினார்கள். பிற்பாடு ‘டாமி கன்’ என்ற தானியங்கித் துப்பாக்கியைச் செய்தவர் இதே தாம்ப்சன்தான். சிறு குண்டுகளைத் தொடர்ந்து வாங்கியும் சில மாடுகள் நின்றுகொண்டே இருந்தன. பெரிய குண்டுகள் அவற்றைச் சீக்கிரம் படுக்கவைத்தன. அதன் விளைவாக வந்ததுதான் பிரௌனிங் வடிவமைத்த .45 கைத்துப்பாக்கியான எம்1911. 6,000 தோட்டாக்களைச் சுட்டும் ஒரு முறைகூடச் சிக்காமல் தேர்வில் வென்ற துப்பாக்கி. இரண்டு உலகப் போர், கொரியா, வியட்நாம் எல்லாவற்றையும் பார்த்தது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

இயற்பியல் வாத்தியார்

வேங்கை அவர்களே, அந்தச் சோதனையின் இன்னொரு பாதியையும் சொல்லியிருக்கலாம். இறந்த மனித உடல்களைத் தொங்கவிட்டுச் சுட்டார்கள். குண்டு பட்டதும் உடல் எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதிக்கொண்டார்கள். அளவுகோல் வைத்துக்கூட அளக்கவில்லை.

அந்த ஆட்டத்துக்கு என்ன மதிப்பு என்று கணக்குப் போடுவோம். 9 மி.மீ. குண்டு 8 கிராம், வேகம் நொடிக்கு 350 மீட்டர். உந்தம், அதாவது நிறையை (கிலோவில்) வேகத்தால் பெருக்கியது, 2.8. எதிரே நிற்பவர் 70 கிலோ. குண்டு உடலுக்குள்ளேயே நின்று உந்தம் முழுவதையும் கொடுத்தாலும் அவருக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 4 செ.மீ. இப்போது .45: 14.9 கிராம், 255 மீட்டர், உந்தம் 3.8. கிடைக்கும் வேகம் 5.4 செ.மீ. சாதாரணமாக நடந்து போகிறவர் ஒரு நொடியில் ஒரு மீட்டருக்கு மேல் கடக்கிறார். சினிமாவில் குண்டு பட்டவன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பின்னால் பறக்கிறானே, அந்த உதை நிஜமாக இருந்தால் சுட்டவனும் எதிர்ப்பக்கம் பறக்க வேண்டும். நியூட்டனுக்குக் கதாநாயகன், வில்லன் என்ற வேற்றுமை கிடையாது.

இயக்க ஆற்றலைப் பார்த்தாலும் வியப்புதான். 9 மி.மீ.க்குச் சுமார் 490 ஜூல், .45-க்குச் சுமார் 485 ஜூல். நூறாண்டுச் சண்டையே இந்த 5 ஜூலுக்குத்தானா?

வேங்கை1911

ஆற்றலை விடுங்கள் வாத்தியாரே, ஓட்டையைப் பாருங்கள். 9 மி.மீ. குண்டின் முகப்பரப்பு 64 சதுர மி.மீ. .45-க்கு 103. அறுபது சதவீதம் அதிகம். அதிகமாகக் கிழிந்தால் அதிகமாக இரத்தம் போகும். இதற்கு நியூட்டன் தேவையில்லை.

தடயமருத்துவர்

பிரேதப் பரிசோதனை மேசையில் நின்று பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன். உடலுக்குள் குண்டு போன தடத்தைப் பார்த்து அது 9 மி.மீ.யா, .45-ஆ என்று சொல்லச் சொன்னால் நான் தயங்குவேன். தோலும் தசையும் நீண்டு கொடுத்து, குண்டு போனபின் சுருங்கிக்கொள்கின்றன. வெளியே தெரியும் ஓட்டை பெரும்பாலும் குண்டின் விட்டத்தைவிடச் சிறியது. குண்டைக் கையில் எடுத்து அளந்தால்தான் உறுதி.

வன்மத்தோடு வரும் ஒருவனை உடல்ரீதியாக நிறுத்த இரண்டே வழிகள் இருக்கின்றன. ஒன்று, மூளையோ கழுத்துப் பகுதித் தண்டுவடமோ அடிபட வேண்டும். அப்போது உடனே விழுவான். மற்றது, இரத்த இழப்பால் அழுத்தம் சரிய வேண்டும். இதற்கு நேரமாகும். இதயமே சிதைந்தாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனைக் கொண்டு 10 முதல் 15 நொடி வரை ஒருவர் தெரிந்தே செயல்படலாம். அந்த நேரத்தில் ஒரு மாகசீனை (துப்பாக்கியின் தோட்டாக் கூட்டை) காலிசெய்துவிட முடியும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. “ஐயோ, சுட்டுவிட்டார்கள்” என்ற நினைப்பிலேயே உட்கார்ந்துவிடுவது. நடைமுறையில் பலர் நிற்பது இப்படித்தான். அதை .22-உம் செய்யும், .45-உம் செய்யும். செய்யாமலும் போகும். 1912-இல் மில்வாக்கியில் முன்னாள் அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் மார்பில் .38 குண்டை வாங்கினார். சட்டைப்பையில் மடித்து வைத்த பேச்சுத் தாள்களும் கண்ணாடிக் கூடும் அதன் வேகத்தைக் குறைத்தன. உள்ளே குண்டோடு மேடையேறி ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனார். 1981-இல் அதிபர் ரேகன் மீது பட்டது .22 குண்டு, அதுவும் காரில் பட்டுத் தெறித்து வந்தது. சுடப்பட்டதே அவருக்கு முதலில் தெரியவில்லை. ஆனால் அந்தக் குண்டு இதயத்துக்கு ஓர் அங்குலம் தள்ளித்தான் நின்றது. அதே துப்பாக்கியின் இன்னொரு குண்டு அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியின் தலையில் பட்டு அவரை அதே இடத்தில் வீழ்த்தியது. துப்பாக்கி ஒன்று, தோட்டா ஒன்று, பட்ட இடம்தான் வேறு.

கூவம்நதி

டாக்டர் சொன்னதும் 1967 ஜனவரி 12 நினைவுக்கு வந்தது. ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. எம்.ஆர்.ராதா உடலிலும் குண்டு பாய்ந்தது. அறைக்குள் அத்தனை அருகில் சுட்டும் இருவரும் பிழைத்தார்கள். ஒருவர் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார், மற்றவர் சிறைக்குப் போனார். இது எந்தக் கணக்கில் வரும்?

தடயமருத்துவர்

எந்தக் கணக்கிலும் வராது. கழுத்தில் மூளைக்குப் போகும் தமனி, தண்டுவடம், மூச்சுக்குழல் மூன்றும் அரை அங்குலம், ஓர் அங்குலம் இடைவெளியில் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே குண்டு தங்கினால் பிழைக்கலாம். ஒரு சம்பவத்தை வைத்துக் காலிபருக்கு (குண்டின் விட்ட அளவுக்கு) மதிப்பெண் போடுவதுதான் இந்தச் சண்டை முழுவதிலும் உள்ள நோய்.

ஆஸ்டின் அண்ணாமலை

அந்த நோயின் மூலக்கிருமி மயாமிதான். விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1986 ஏப்ரல் 11. வங்கிக் கொள்ளையர் இருவர், பிளாட், மேட்டிக்ஸ். எதிரே எட்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள். மோதலின் தொடக்கத்திலேயே அதிகாரி ஜெர்ரி டோவ் சுட்ட ‘சில்வர்டிப்’ என்ற வகை 9 மி.மீ. குண்டு பிளாட்டின் வலது மேற்கையைத் துளைத்து, பக்கவாட்டில் மார்புக்குள் நுழைந்து, நுரையீரலைச் சுருங்கவைத்து, இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அந்தக் காயமே அவனைக் கொன்றிருக்கும். ஆனால் சாவதற்கு முன் அவனுக்குச் சில நிமிடங்கள் கிடைத்தன. கையில் மினி-14 ரைஃபிள். டோவும் பென் குரோகனும் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். ஒரு கை செயலிழந்த நிலையில் எட்மண்டோ மிரேலிஸ் ஷாட்கன்னையும் பிறகு ரிவால்வரையும் கொண்டு சண்டையை முடித்தார். பிளாட் உடலில் பன்னிரண்டு குண்டுகள் பட்டிருந்தன.

அதிகாரிகள் பலரின் கையில் ரிவால்வர், எதிரியின் கையில் ரைஃபிள். குண்டு துளைக்காத உடுப்பு எல்லோரிடமும் இல்லை. காரை மோதியதில் ஒருவரின் கண்ணாடி தெறித்துப்போனது, இன்னொருவரின் துப்பாக்கியே காணாமல் போனது. இத்தனையையும் விட்டுவிட்டு மக்கள் நினைவில் நின்றது அந்த ஓர் அங்குலம்தான்.

அந்த ஓர் அங்குலத்திலிருந்து ஓர் உருப்படியான காரியமும் பிறந்தது. 1987-இல் குவான்டிகோவில் உள்ள எஃப்.பி.ஐ. பயிற்சி மையத்தில் மருத்துவர்களையும் குண்டு ஆய்வாளர்களையும் கூட்டிப் பேசினார்கள். குண்டு குறைந்தது 12 அங்குலம், அதாவது 30 செ.மீ., ஊடுருவ வேண்டும். 18 அங்குலத்தைத் தாண்டத் தேவையில்லை என்ற அளவு அதன்பின் நிலைபெற்றது. மார்பு அவ்வளவு தடிமன் இல்லையே என்று கேட்கலாம். எதிரே துப்பாக்கியை நீட்டி நிற்பவனின் கை குறுக்கே இருக்கும். அவன் பக்கவாட்டில் திரும்பியிருப்பான். பிளாட்டுக்கு நடந்தது அதுதான்.

கரிசல்காட்டான்

இந்த 30 செ.மீ.யை எதில் வைத்து அளக்கிறார்கள்? மறுபடியும் மாடா?

ஆஸ்டின் அண்ணாமலை

மாடு பிழைத்தது. இப்போது ஜெலட்டின். ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடத்திய ஆய்வகத்தில் செம்மைப்படுத்திய முறை. பத்துக்கு ஒரு பங்கு ஜெலட்டின் தூள், மீதி தண்ணீர். கரைக்கும்போது சூடு ஏறிவிடக் கூடாது, ஏறினால் கட்டியின் பிடிமானம் கெட்டுவிடும். அச்சில் ஊற்றி 4 டிகிரி செல்சியஸில் குளிரவைக்க வேண்டும். எடுத்தவுடன் முதலில் குண்டைச் சுடுவதில்லை. 4.5 மி.மீ. எஃகு மணி ஒன்றை ஏர்கன்னால் நொடிக்குச் சுமார் 180 மீட்டர் வேகத்தில் செலுத்துவார்கள். அது 8.5 செ.மீ. ஆழத்தில், ஒரு செ.மீ. முன்பின்னாக, நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தக் கட்டியையே தள்ளிவிட வேண்டும்.

இந்தத் தேர்வில் தேறிய கட்டியில் குண்டைச் சுட்டால் உள்ளே எல்லாம் கண்ணாடிபோலத் தெரியும். கட்டி ஒரு கணம் பலூனாக உப்பி அமரும். அது தற்காலிகக் குழி. அடங்கியபின் மிஞ்சும் ஒல்லியான தடம்தான் குண்டு நேரடியாக நசுக்கியது. யூடியூபில் அந்த உப்பலை மெதுவாக ஓட்டிக் காட்டி “பார்த்தீர்களா ஆற்றலை” என்பார்கள். கைத்துப்பாக்கி வேகத்தில் அந்த உப்பலுக்குத் தசையும் நுரையீரலும் ஈடுகொடுத்துவிடும் என்பது ஃபேக்லரின் வாதம். ரைஃபிள் வேகம் வேறு உலகம்.

எஃப்.பி.ஐ. வெறும் கட்டியோடு நிறுத்தவில்லை. கனத்த துணி, சுவர்ப் பலகை, ஒட்டுப்பலகை, தகடு, கார்க் கண்ணாடி என ஒவ்வொன்றையும் முன்னால் வைத்துச் சுட்டது.

வேங்கை1911

கட்டிக்குள் எலும்பு எங்கே? பயம் எங்கே? கஞ்சா எங்கே? களத்தில் சுடப்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்த பட்டியல்கள் 1990-களில் வந்தன. “ஒரே குண்டில் நின்றவர்கள் இத்தனை சதவீதம்” என்று. அதில் .357 மேக்னம் என்ற ரிவால்வர் தோட்டா 96 சதவீதம் வாங்கியது. நிஜ மனிதர்கள், நிஜ தெருக்கள்.

இயற்பியல் வாத்தியார்

அந்தப் பட்டியலுக்குள் யார் நுழைந்தார்கள் என்று பாருங்கள். உடற்பகுதியில் ஒரே ஒரு குண்டு பட்ட சம்பவங்களை மட்டும் சேர்த்தார்கள். ஒரு குண்டு பட்டும் ஆள் நிற்காமல், இரண்டாவதும் மூன்றாவதும் சுட வேண்டியிருந்தால்? “பல குண்டு” என்று அந்தச் சம்பவத்தையே கழித்துவிட்டார்கள். அதாவது, தோல்விகள் பெரும்பாலும் கணக்குக்கு வெளியே போய்விட்டன. பெயிலான மாணவர்களின் பெயரை நீக்கிவிட்டு என் வகுப்பில் 96 சதவீதத் தேர்ச்சி என்று தலைமையாசிரியரிடம் போய் நின்றால் எனக்கு நல்லாசிரியர் விருது நிச்சயம்.

ஓய்வுபெற்ற ஆர்மரர்

ஆயுதப்படைக் கிடங்கில் வேலை பார்த்தவன். இங்கே யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்.

ராணுவத் தீர்ப்பையும் போலீஸ் தீர்ப்பையும் நீங்கள் ஒரே தராசில் போடுகிறீர்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற ஊரில் இருந்த ஆயுதச் சாலையில், 1890-களில் மூக்கு திறந்த .303 ரைஃபிள் குண்டு செய்தார்கள். உடலுக்குள் போனதும் மலர்ந்து விரியும். அதே காலத்தில் பிரிட்டிஷார் .455 வெப்ளி ரிவால்வருக்கும் குழிமுனைக் குண்டு, அதாவது பட்டதும் விரியும்படி முனையில் குழி வைத்த குண்டு, போட்டார்கள். அதற்கு ‘மேன்ஸ்டாப்பர்’ என்றே பெயர். 1899-இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தன. அதிலிருந்து ராணுவங்களின் கைத்துப்பாக்கிக் குண்டு பெரும்பாலும் ஈயத்தின் மேல் முழு உலோக உறை போட்டதாக, விரியாததாக இருந்தது. விரியாத குண்டு என்றால் அதன் விட்டம் ஒன்றுதான் கையில் இருக்கும் சரக்கு. அந்த உலகத்தில் .45-க்கு ஒரு நியாயம் இருக்கிறது. வேங்கைத் தம்பி கோபப்பட வேண்டாம், உங்கள் பக்கம்தான் பேசுகிறேன்.

போலீசுக்கு ஹேக் அறிவிப்பு பொருந்தாது. அமெரிக்கப் போலீஸ் குழிமுனைக் குண்டு போடுகிறது. இன்றைய 9 மி.மீ. குழிமுனைக் குண்டு விரிந்து 15 மி.மீ. அளவுக்கு வந்து, தேவையான 30 செ.மீ.யும் போகிறது. மயாமியில் டோவ் சுட்டதும் குழிமுனைக் குண்டுதான். ஆனால் அந்தக் காலத்துச் சரக்கு விரியும், போதிய ஆழம் போகாது. இரண்டையும் சேர்த்துச் செய்யக் கற்றுக்கொள்ள முப்பது ஆண்டு ஆயிற்று. எஃப்.பி.ஐ. திரும்பி வந்தது பழைய 9 மி.மீ.க்கு இல்லை.

எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு. முழு உறை போட்ட 9 மி.மீ. குண்டு ஜெலட்டினில் 60 செ.மீ.க்கும் மேல் போகும். கூட்டமான பஸ் நிலையத்தில் அதன் பொருள் என்ன என்று ஒவ்வொரு காவலரும் யோசித்திருப்பார்.

பிரிட்டிஷாரே முதல் உலகப் போருக்குப் பின் .455-ஐ விட்டுவிட்டு .38-க்கு இறங்கினார்கள். காரணம் மிக எளிது. .455 உதைக்கும் உதையில் புதிதாகச் சேர்ந்தவன் குறி தவறுகிறான், பயிற்சிக்கு நாள் பிடிக்கிறது. சின்னதைக் கொடுத்தால் சீக்கிரம் கற்றுக்கொள்கிறான்.

புதியவன்_77

அப்படியென்றால் வீட்டில் வைத்துக்கொள்ள எது நல்லது ஐயா? எனக்கு .32 லைசென்ஸ் கிடைக்கும் என்கிறார்கள். 9 மி.மீ. ஏன் தரமாட்டார்கள்?

மட்டுறுத்துநர்

லைசென்ஸ் வாங்கும் வழிகளைச் சட்டப் பகுதியில் கேளுங்கள். இங்கே காலிபர் பற்றி மட்டும்.

ஓய்வுபெற்ற ஆர்மரர்

காலிபர் சம்பந்தப்பட்டதால் இரண்டு வரி மட்டும். படைகளும் போலீசும் பயன்படுத்தும் 9 மி.மீ., .380, .455 போன்ற தோட்டாக்களை ஏற்கும் கைத்துப்பாக்கிகள் நம் ஆயுத விதிகளின்படி தடைசெய்யப்பட்ட வகை. சேவைத் தோட்டா வெளியே போய்விடக் கூடாது என்பதுதான் கவலை. அதனால் கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர்தான் குடிமக்கள் பக்கம் வந்தது. 2014-இல் பெண்களுக்கென்று விளம்பரப்படுத்திய நிர்பீக் ரிவால்வரும் அதே .32-தான். ஆற்றல் 150 ஜூல் சுற்றுவட்டாரம், 9 மி.மீ.யில் மூன்றில் ஒரு பங்கு. யாருடைய நெஞ்சை எது துளைக்கும் என்ற சோதனைக்கும் இந்த விதிக்கும் சம்பந்தமே இல்லை. கரிசல்காட்டாரின் முதல் கேள்விக்கு இதிலும் ஒரு பதில் இருக்கிறது: காலிபரைத் தேர்ந்தெடுப்பது பல நேரம் மருத்துவர் இல்லை, கிடங்குக்காரன்.

கரிசல்காட்டான்

ஆக, 1904-இல் மாடு, 1986-இல் ஓர் அங்குலம். ஒவ்வொரு முறையும் ஒரு சங்கடம் நடந்தபின் கையில் இருந்த தோட்டாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். 10 மி.மீ. ஏன் நிலைக்கவில்லை?

ஆஸ்டின் அண்ணாமலை

முழுச் சக்தியில் சுட்டால் பலருக்குக் கை தாங்கவில்லை. அதனால் எஃப்.பி.ஐ. வெடிமருந்தைக் குறைத்துப் போட்டது. குறைத்தபின் தோட்டாவின் உறைக்குள் நிறைய இடம் காலி. அந்தக் காலி இடத்தை வெட்டிவிட்டால் 9 மி.மீ. அளவுத் துப்பாக்கியிலேயே அடக்கலாமே என்று 1990-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் கொண்டுவந்ததுதான் .40. அமெரிக்கப் போலீஸ் முழுக்க அதன் பின்னால் ஓடியது. ஆனால் சிறிய துப்பாக்கியில் அது வெடுக்கென்று உதைக்கும். அடுத்த குண்டுக்குக் குறி திரும்ப நேரம் எடுக்கும். 2014-இல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு எழுதிய காரணங்களில் முக்கியமானது இதுதான்: பெரும்பாலானவர்கள் 9 மி.மீ.யில் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள், காயத்தில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. கூடவே மாகசீனில் தோட்டாவும் அதிகம். கிளாக் 17 துப்பாக்கியில் பதினேழு, 1911-இல் ஏழோ எட்டோதான்.

வேங்கை1911

அந்தப் பதினேழு உங்கள் டெக்சஸில். நான் இருக்கும் டொராண்டோவில் கைத்துப்பாக்கி மாகசீனில் பத்துக்கு மேல் போடச் சட்டம் இடம் தராது. பத்து சிறிய குண்டா, எட்டு பெரிய குண்டா என்றால் நான் எட்டைத்தான் எடுப்பேன். அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையும் 2012-இல் புதிதாக .45 துப்பாக்கி வாங்கியது. அவர்களுக்கு ஜெலட்டின் தெரியாதா?

ஆஸ்டின் அண்ணாமலை

தெரியும். சில ஆண்டுகளில் அவர்களுடைய சிறப்புப் படையினர் 9 மி.மீ. கிளாக் 19-க்கு மாறிவிட்டார்கள்.

தடயமருத்துவர்

1904 அறிக்கையில் .45 வரியை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறீர்கள். உடலின் பெரும்பகுதியில் பட்டால் எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் ஆளை உடனே நிறுத்தும் என்று நம்ப முடியாது, ஆகவே வீரர்களுக்குக் குறிபார்த்துச் சுடும் பயிற்சியை இடைவிடாமல் கொடுக்க வேண்டும் என்பதையும் அதே குழுதான் எழுதியது. மாடுகளைச் சுட்டவர்கள் முட்டாள்கள் இல்லை.

ஆஸ்டின் அண்ணாமலை

இங்கே போலீஸ் துறைகள் 9 மி.மீ.க்கு மாறிய வேகத்தில் பழைய .40 கிளாக்குகள் கடைகளில் குவிந்து மலிவாகக் கிடக்கின்றன. சுட்டுத் தேய்ந்தவைகூட இல்லை, இடுப்பு உறையில் இருந்தே மூலை தேய்ந்தவை. காலிபர் ஆராய்ச்சிக்கு நேரில் வருகிறவர்களுக்கு நல்ல சமயம்.

வேங்கை1911

அழைப்புக்கு நன்றி. 2022 அக்டோபரிலிருந்து கனடாவில் தனியார் கைத்துப்பாக்கி வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது, அடுத்தவருக்கு மாற்றவும் முடியாது. என்னிடம் இருப்பது ஒரு 1911. ஆகவே நீங்கள் எந்தக் கட்டியில் எதைச் சுட்டுக் காட்டினாலும் நான் .45 கட்சியிலேயே இருந்துகொள்கிறேன்.